அடக்கினால் அடங்கும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் அந்த அக்கா எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, தண்ணீர் குடிக்காதே என்பதுதான்.

வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலைத் தையல் மெஷினுக்குக் கீழே வைத்திருந்தேன். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை. லைனின் தலைமாட்டில் நின்றிருந்த அக்கா வந்து குனிந்து பார்த்தார். "ஏட்டி, இத முழுசும் இப்பமே குடிச்சிராத. மத்தியானச் சோத்துக்குப் பொறவு ரெண்டு மடக்கு குடி. இல்லன்னா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே கெடக்கும்" என்றார். வந்தால் போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அடக்கு. அடக்குனா அடங்கும். எல்லாமே அடங்கும்."

எனக்கு இரண்டு கோபம் வந்தது. நான் குன்னத்தூர்க்காரி. எங்கள் பக்கம் பெற்ற குழந்தையைக்கூட வாங்க, போங்க என்றுதான் கொஞ்சுவோம். முன்பின் தெரியாத ஒருவர் ஏட்டி என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போகாமல் என்ன செய்வோம்? சங்கரன்கோவில் பக்கம் அது செல்லமாகக் கூப்பிடுவது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. தண்ணீர் குடிக்காதே என்றதற்கு வந்த கோபம் இன்றுவரை போகவில்லை.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கூசிப்போவார். அவருடைய வயிற்றைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிற ஆள் அவர்.

அவர் எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். தலைமாட்டில் ஒரு சின்ன மேசை. மேசையின் பக்கவாட்டில் ஆணியடித்து ஒரு மஞ்சள் அட்டை மாட்டியிருக்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே அட்டை. ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் ஒருநாளாவது அந்த லைனில் உட்கார்ந்து தைத்திருக்க மாட்டான். அட்டை அக்காவின் பொறுப்பு. ஆனால் அதை அவர் ஒருநாளும் தன் கழுத்தில் மாட்டியதில்லை. "நான் காலையில வீட்டுல போனம்னா, பொறவு வீட்டுக்கு வந்துதான்" என்று மெடல் வாங்கியவர் போலச் சொல்வார்.

அந்தப் பெருமை அவருக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சரக்குக் கப்பலேற வேண்டிய ஷிப்மென்ட் வாரம் வந்துவிட்டால் எங்கள் லைனில் பாதிப் பேருக்கு அந்தப் பெருமை வந்துவிடும். சாயங்காலம் செருப்பு மாட்டும்போது, இன்றைக்கு நான் எழுந்திருக்கவே இல்லை என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள். எழுந்திருக்காமல் தைப்பவள்தான் நல்ல டெய்லர். இதை யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாங்களாகவே எங்கள் தலையில் கட்டிக்கொண்டோம்.

காலையில் கம்பெனி வேன் வந்து இறக்கிவிடும்போது பார்த்தால் அக்கா ஒல்லியான மனுஷி. சேலை ஒட்டிக் கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு மெல்ல எழும்பத் தொடங்கும். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், முடிந்து கிளம்பும்போது நிறைமாதக்காரி போல இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடப்பார். வயிற்றைத் தொட்டால் கட்டிய மேளம்போல விறைப்பாக இருக்கும். ஜட்டி லைனில் மிஞ்சிய எலாஸ்டிக்கை எடுத்து, நாடாவுக்குப் பதிலாக உள்பாவாடைக்குத் தைத்திருந்தார். "நாடான்னா அவுத்து அவுத்துக் கட்டணும்லா. இது வயித்தோட சேர்ந்து வளரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்தான். சிரித்து முடித்ததும் எரிச்சலாக இருந்தது. வயிறு ஏன் உப்புகிறது என்று பார்க்காமல் பாவாடையைத் திருத்திக்கொள்கிற புத்தி எந்த ஊர்ப் புத்தி?

பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஊரே பார்த்தது. பார்த்து ஊரே சொன்னது, கேஸ். மெடிக்கல் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேஸ் என்று சொல்லி மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் கேஸுங்க என்று சோடாவை உடைத்துக் கொடுத்தார். காற்று நிறைந்த வயிற்றுக்குள் இன்னும் காற்றை ஊற்றுகிற வைத்தியம் அது. பக்கத்து லைனில் இருந்த பீகார்ப் பெண் ஓமத்தை உள்ளங்கையில் தட்டி, "காவோ தீதி" என்று சாப்பிடச் சொல்லி நீட்டினாள். அவள் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னவள். இஞ்சி, பெருங்காயம், பூண்டுப் பால் என்று ஆளுக்கொன்று. யாராவது ஒருவர், எப்போதிருந்து இப்படி, எந்த நேரத்தில் இப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு நேரம் வேண்டுமே. கேஸ் என்று சொல்ல ஒரு நொடி போதும். திருப்பூரில் யாராவது அந்தச் சொல்லைத் தடை செய்தால் அவருக்குக் கோயில் கட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் காதர்பேட்டைக்குப் போனோம். அக்காவின் மகன் ஊரில் இருந்தான். அவனுக்குப் பனியன் எடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு பையன் அக்காவைப் பார்த்துச் சடாரென்று எழுந்து, "உக்காருங்க, நீங்க மாசமா இருக்கீங்க" என்றான். அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறோ நாற்பத்தேழோ. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். இறங்கியதும் நான் குதித்தேன்.

"ஏனுங்க்கா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? ஆரு மானமோ போச்சுன்னு உக்காந்துக்கறீங்க?"

"சவத்த விடு. உக்கார எடம் கெடச்சுதுல்லா."

அவ்வளவுதான் அக்கா. அவமானத்தை அடக்கி அதன்மேல் ஒரு சீட் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் இந்த மனுஷியை வெறுக்கவும் முடியாது. லைனில் யாருக்காவது தீட்டு நாளாக இருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அட்டையை எடுத்து அவரே அவள் கழுத்தில் மாட்டி, "போயிட்டு வா, அவசரப்படாத" என்று அனுப்பிவிட்டு அவளுடைய மெஷினில் உட்கார்ந்து தைப்பார். அவள் வரும்வரை தைக்க வேண்டிய பீஸ் தேங்கி நிற்காது. பீஸ் நின்றால்தானே மேலிருந்து சத்தம் வரும். இப்படி ஒவ்வொருத்திக்கும் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடத்தில் நிற்க யாரும் இல்லை. அது அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. எனக்கு அவர்மேல் பாசம் வந்ததும் கோபம் வந்ததும் இந்த ஒரே காரியத்தால்தான். ஊருக்கெல்லாம் இரக்கம் காட்டிவிட்டுத் தன் உடம்பைக் கட்டிப்போட்ட மாடுபோல வைத்திருப்பவரை என்ன செய்வது?

வெளிநாட்டில் எங்கள் துணியை வாங்குகிற பையருடைய ஆட்கள் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிற நாள் எங்களுக்கெல்லாம் திருவிழா. முந்தின நாளே மஞ்சள் அட்டையைக் கழற்றி எங்கோ ஒளித்துவிடுவார்கள். ஒவ்வொரு லைனுக்கும் தண்ணீர் கேன் வரும், டம்ளர் வரும். பாத்ரூமில் சோப்பு இருக்கும், வாளி புதிதாக இருக்கும். ஒருமுறை வந்த வெள்ளைக்காரப் பெண், கூட வந்தவர் மூலமாக அக்காவிடம் கேட்டார். பாத்ரூம் போகத் தடை ஏதாவது உண்டா?

"எப்ப வேணாலும் போலாங்க" என்றார் அக்கா. எங்கள் ஊர் 'ங்க'வெல்லாம் அப்போது நன்றாக வந்தது.

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு தலையாட்டி எழுதிக்கொண்டு போனார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடையே இல்லாத அந்த நாளிலும் அவர் போகவில்லை. "சொன்னீங்கல்ல, போயிட்டு வாங்க" என்றேன். "பழகிப்போச்சுட்டி. இப்பம் அதுவே கேக்க மாட்டேங்கு" என்றார். உடம்பு கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதையே விட்டுவிட்டது என்றால் அது எத்தனை பெரிய விஷயம். அதை மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அக்காவுக்குச் சாப்பிடவே பயம் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு திம்மென்று ஏறிக்கொள்ளும். மூச்சு முட்டும். அவருடைய வீட்டுக்காரர் சாயப்பட்டறை ஒன்றில் வாட்ச்மேன். அவர் பயந்துபோய் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, அதனால்தான் வயிறு வீங்குகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா இதை என்னிடம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொன்னார். "இனிமே அது ஒனக்கு எதுக்கும்மான்னு கேக்காவ. பிள்ள பெத்தாச்சு, வளத்தாச்சு. ஞாயந்தானட்டி?"

"என்னங்க்கா ஞாயம்? எதுக்குன்னு கேட்டு எடுக்கறதா இருந்தா அவங்க தலையில இருக்கறதையும் எடுத்துப்போடலாங்களே" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வயிறு உப்புகிறது என்று போன ஒரு பெண்ணிடம், நீ எப்படிச் சாப்பிடுகிறாய், எப்படி வெளியே போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்காமல், உள்ளே இருப்பதை எடுத்துப் போடுகிறேன் என்பதற்குப் பெயர் வைத்தியமா? வேறொரு டாக்டரைப் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்கக் கூடாது என்று என் குழந்தையின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாவும் எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர்தான். பேச்சில் தெரிந்தது. ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்து முதல் கேள்வி கேட்டார்.

"காலையில எந்திரிக்கறப்ப வயிறு எப்படி இருக்குதுங்கம்மா?"

"காலையில ஒண்ணும் தெரியாது டாக்டர். தட்டையாத்தான் இருக்கும்."

"சாயந்தரம்?"

அக்கா கையை முன்னால் வளைத்துக் காட்டினார். டாக்டரம்மா, எடை குறைந்திருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, வீட்டில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை.

"வெளிய போறது எப்படிங்க?"

அக்கா தரையைப் பார்த்தார். "போவும் டாக்டர். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க."

நான் குறுக்கே விழுந்தேன். "பொய்யுங்க டாக்டர். வாரத்துக்கு ஒருக்காப் போனாலே அதிசயமுங்க. அவங்க இருக்கற லைன் வீட்ல எல்லாத்துக்கும் பொதுவா ஒரே கக்கூசு. காலையில வரிசையில நிக்கறதுக்குள்ள வேன்காரன் ஆரன் அடிச்சுப்போடறான். கம்பெனியில ஒண்ணுக்கே போகறதில்லீங்க. போகோணும்னு பயந்துக்கிட்டுத் தண்ணியும் குடிக்கறதில்லை."

இதைச் சொன்னதற்கு அக்கா என் தொடையில் கிள்ளினார். டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து, வயிற்றின் இடது பக்கம் கீழே அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் எழுதிக் கொடுத்தார். மத்தியானம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த வயசுல இத்தனூண்டு கட்டி நிறையப் பேருக்கு இருக்குமுங்க. இதுக்கும் உங்க வயித்துக்கும் சம்பந்தமில்லை. கட்டியினால வயிறு வீங்குதுன்னா, அது ராத்திரியில எங்கீங்க போயிட்டு வருது? காலையிலயும் வீங்கித்தான இருக்கோணும்? உங்களுக்கு மலம் உள்ளேயே தங்கிக் காஞ்சு கெடக்குது. அதுக்குப் பின்னால இருக்கற காத்துக்குப் போக வழியில்லை. பொழுதேற ஏற உப்புது. வர்றப்பப் போகாம அடக்கி அடக்கி, வருதுங்கறதே உடம்புக்கு மறந்துபோச்சுங்க."

கொஞ்ச நாளைக்கு மலம் இளக மருந்து கொடுத்தார். சோடாவை அறவே விடச் சொன்னார். பால் டீயைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். காலையில் சாப்பிட்டதும் கக்கூஸில் போய் அவசரமில்லாமல் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மென்று சாப்பிட வேண்டும், சாப்பிட்டபின் நடக்க வேண்டும். "எல்லாத்தையும் விட முக்கியம், வர்றப்ப எந்திரிச்சுப் போகோணுமுங்க. காலையிலயும் வயிறு எறங்காம இருந்தாலோ, எடை குறைஞ்சாலோ, அன்னைக்கே வந்துருங்க. இப்பத்திக்கு எதையும் அறுக்க வேண்டியதில்லை."

வெளியே வந்ததும் அக்கா வேப்பமரத்தடியில் நின்று சிரித்தார். "இம்புட்டுத்தானாட்டி? இதுக்கா நான் செத்துப்போவேன்னு நெனச்சேன்?" பிறகு சிரிப்பு நின்றது. "மருந்தெல்லாம் சரி. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருமே. லைன்ல வச்சு நான் என்னத்தச் செய்ய?"

"நான் இருக்கறனுங்க. உங்க இடத்துல நின்னுக்கறேன்" என்றேன்.

நின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கொஞ்ச நாள் போல எங்கள் லைனில் சந்தோஷமான நாளே கிடையாது. அக்கா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். காலையில் டீ நேரத்துக்கு முன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைபோல வெட்கப்பட்டுக்கொண்டு போவார். அவர் வரும்வரை நான் மேசையில் நிற்பேன். என் மெஷினைப் பக்கத்துப் பெண் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். துணியை அளக்கிற டேப்பால் ஸ்டாக் ரூமில் வைத்துக் காலையும் மாலையும் அவர் வயிற்றை நான் அளந்தேன். முதலில் காலைக்கும் மாலைக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தது. மாதம் முடிவதற்குள் இரண்டு விரல்கடையாகிவிட்டது. அவர் மறுபடி பாவாடைக்கு நாடா கோத்தார். கொண்டுவந்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வீட்டுக்காரரோடு அதிகாலையில் எழுந்து, கூட்டம் வருமுன் கக்கூஸுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அக்காவைப் பார்த்து மற்றப் பெண்களும் பாட்டில் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

கம்பெனிக்குப் பொறுக்கவில்லை.

ஷிப்மென்ட் தள்ளிப்போய் எல்லோரும் முகம் கடுத்துத் திரிந்த ஒரு நாள். அக்கா அட்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் லைனுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார். "என்னங்கக்கா, சின்னப் புள்ளைங்க மாதிரி உங்களுக்கும் அடிக்கடி முட்டுதுங்களா? சூப்பர்வைசரே இப்படிப் போனா லைனு என்னத்துக்குங்க ஆகறது? வேணும்னா ஹெல்பராப் போட்டுடறனுங்க, நாள் பூரா போயிட்டு வந்துட்டிருங்க."

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எத்தனை 'ங்க' போட்டார் பாருங்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படி. கழுத்தை அறுக்கும்போதும் ங்க போட்டுத்தான் அறுப்போம். யாரோ இரண்டு அயர்ன் மாஸ்டர்கள் சிரித்தார்கள். அக்கா அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் மெஷினை நிறுத்தினேன். எழுந்து நின்று, "அவங்களுக்கு டாக்டரம்மா போகச் சொல்லியிருக்காங்க. வயித்துல கோளாறுங்க. ஏனுங்க, உங்க ஊட்டுப் பொம்பளைங்க ஒண்ணுக்குப் போகறப்பவும் இப்படித்தான் ஊரைக் கூட்டிக் கேப்பீங்களா?" என்று கத்தினேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் என்னை ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன், என்ன ஆனாலும் தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று. சரிட்டி, சரிட்டி என்றார். அவர் சரி என்று இரண்டு முறை சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்பார். பழைய லைனில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டு, அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்ன அன்று ஓடினேன். அந்த நர்சிங் ஹோமேதான். மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. அக்கா மல்லாந்து படுத்திருந்தார். போர்வைக்கு மேலே வயிறு முன்னைப்போலவே எழும்பி நின்றது.

"எடுத்தாச்சுட்டி" என்றார்.

"ஏனுங்க்கா? அந்த டாக்டரம்மா அவ்வளவு வெவரமாச் சொன்னாங்களே. நீங்களே பார்த்தீங்களே, எறங்குச்சே! ஏன் இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"கத்தாத. பக்கத்துல அந்தம்மா தூங்குதாவ." என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "அந்த டாக்டர் சொன்னது சரிதான். நான் தப்புன்னு சொல்லல. ஆனா அந்த வைத்தியத்த நான் கம்பெனியில வச்சு எப்படிட்டி செய்ய? அன்னைக்கு அவரு கேட்ட கேள்விக்குப் பொறவு என்னால அந்த அட்டையத் தொட முடியல. வயிறு மறுபடி ஏறிட்டு. ஆபரேசன்னு கம்பெனியில சொன்னேன். ஒரு வார்த்த மறுத்துப் பேசலட்டி. ஒண்ணரை மாசம் லீவு குடுத்துட்டாவ. மேனேஜர் சாரே ஆப்பிளு வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனாவ. ஒண்ணுக்குப் போவணும்னு சொன்னா இதெல்லாம் குடுப்பாவளா?"

மேசைமேல் ஆப்பிள் பை இருந்தது. அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன என்று இருந்தது. ஐந்து நிமிஷம் கேட்ட மனுஷிக்குக் கொடுக்கவில்லை. வயிற்றை அறுத்துக்கொண்டு வந்தால் ஒன்றரை மாதம் கொடுக்கிறார்கள், பழமும் கொடுக்கிறார்கள். இவரும் அதை வாங்கிக்கொண்டு, மறுத்துப் பேசவில்லை என்று மெச்சிக்கொள்கிறார்.

"வயிறு ஏனுங்க இன்னும் இப்படி இருக்குது?"

"அதுவா? ஆபரேசன் காத்தாம். போவப் போவச் சரியாவும்னு சொல்லுதாவ."

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குள் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. லைனில் எத்தனை சாயங்காலம் பார்த்த முகம் அது. எனக்குத் தெரியாதா? என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். சொல்லுங்க என்று அதட்டினேன்.

"காலையில இருந்து ஒண்ணுக்கு முட்டுது. அந்த நர்சுப் பிள்ளை ஒத்தையா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிட்டு இருக்கு. பாவம், அதப் போயி எதுக்குக் கூப்புடணும்னு..."

வாயைத் திறந்திருந்தால் அந்தக் கட்டடமே கேட்கும்படி கத்தியிருப்பேன். தோளுக்குக் கீழே கை கொடுத்து மெதுவாக எழுப்பி, தையல் இழுக்காமல் ஒவ்வொரு அடியாக நடத்திக் கூட்டிப்போய், பாத்ரூமில் உட்காரவைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து வெளியே நின்றேன். நெடுநேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"வர மாட்டேங்குட்டி" என்றார் அக்கா.

"வர்றப்ப வரட்டுங்க்கா. ஆரும் உங்களக் கூப்பிட மாட்டாங்க. நான் வாசல்லயேதான் நிக்கறேன்."

அதற்குப் பிறகு உள்ளே முதலில் கேட்டது அழுகைதான். அத்தனை வருஷத்தில் அந்த அக்கா அழுது நான் கேட்டது அந்த ஒருநாள்தான். அழுது முடிக்கும்வரை கதவை நான் திறக்கவில்லை, யாரையும் கிட்டே விடவும் இல்லை.